டென்னிஸில் பவர் ராக்கெட்டிலிருந்து கன்ட்ரோல் ராக்கெட்டுக்கு மாறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நான்குக்கு நான்கு, முப்பதுக்கு முப்பது. எதிராளியின் பந்து சர்வீஸ் லைனை ஒட்டி, இடுப்பு உயரத்தில், மெதுவாக வருகிறது. பயிற்சியில் யோசிக்காமல் அடிக்கிற பந்துதான். ஆனால் மேட்சில் கை பாதியிலேயே தயங்கிவிடுகிறது. முழு வீச்சில் அடித்தால் வெளியே போய்விடுமோ என்ற பயம். தயங்கித் தள்ளிய பந்து கடைசியில் பேஸ்லைனுக்கு ஒரு சாண் தள்ளித்தான் விழுகிறது. பவர் ராக்கெட்டில் சில வருடங்கள் ஆடி, வீச்சு வேகமாக வளர்ந்துவிட்டவர்களுக்கு இந்தத் தயக்கம் நன்றாகத் தெரியும். நானும் ஒன்றரை வருடம் இதில் மாட்டிக்கொண்டு கிடந்தேன்.

பவர் ராக்கெட் என்று நான் சொல்வது 100 சதுர அங்குலத் தலை, ஸ்ட்ரிங் இல்லாமல் 300 கிராம் எடை, தடித்த விறைப்பான ஃப்ரேம் கொண்ட வகையை. பாபோலா பியூர் டிரைவ் இதற்கு நல்ல உதாரணம். 1998-ல் கார்லோஸ் மோயா பிரெஞ்சு ஓபனை வென்றது அந்த ராக்கெட்டில்தான். ஆகவே பவர் ராக்கெட் என்றால் ஆரம்பநிலை ராக்கெட் என்று நினைத்துவிட வேண்டாம். அது ஒரு விதமான ஆட்டத்துக்கு ஏற்ற கருவி. உங்கள் ஆட்டம் வேறு பக்கம் வளர்ந்திருந்தால்தான் மாற்றத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோல் ராக்கெட், அதாவது தலை சற்றுச் சிறிதாக, ஃப்ரேம் மெல்லியதாக வளைந்துகொடுக்கும் வகை, எந்தப் பந்தையும் உங்களுக்காகக் கோர்ட்டுக்குள் போட்டுத் தராது. இதுவரை சும்மா கிடைத்துக்கொண்டிருந்த ஆழத்தை அது எடுத்துக்கொள்ளும். பதிலுக்கு, பயப்படாமல் முழுசாக வீசும் சுதந்திரத்தைக் கொடுக்கும். அந்த ஆழத்தை இனி உங்கள் காலும் தோளும்தான் சம்பாதிக்க வேண்டும். இந்தப் பேரம் உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

முதலில் பிழைகளை எண்ணுங்கள்

மூன்று மேட்ச்சுக்கு ஒரு சின்ன நோட்டை பையில் வைத்துக்கொள்ளுங்கள். இடம் மாறும்போதெல்லாம் உட்கார்ந்து, அதற்கு முன் நடந்த இரண்டு கேமில் நீங்களாகச் செய்த பிழைகளைக் குறியுங்கள்: நெட்டில் விழுந்தது, பக்கவாட்டில் போனது, பேஸ்லைனைத் தாண்டியது. தாண்டியவற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு குறி: முழுசாக வீசினேனா, தயங்கினேனா?

முழுசாக வீசி, பந்தையும் ராக்கெட்டின் நடுவில் வாங்கி, அப்படியும் நீளமாகப் போனவை அதிகமாக இருந்தால் ராக்கெட் உங்களுக்கு மிஞ்சிப்போயிருக்கிறது. மாறலாம். நெட்டில் விழுபவை அதிகம் என்றால் மாறவே மாறாதீர்கள். கன்ட்ரோல் ராக்கெட் அந்தப் பிழையைக் கூட்டத்தான் செய்யும். பக்கவாட்டில் போகிறவை பெரும்பாலும் காலடியும் நேரமும் சம்பந்தப்பட்டவை. ராக்கெட்டை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

தயங்கி அடித்து நீளமாகப் போனவைதான் குழப்பமானவை. தயங்கும்போது ராக்கெட்டின் வேகம் குறைகிறது, அதோடு டாப்ஸ்பினும் குறைகிறது. கீழே இழுக்கும் சுழற்சி இல்லாத பந்து மிதந்துபோய் வெளியே விழுகிறது. இதற்கு ராக்கெட் காரணமாக இருக்கலாம், பதற்றமும் காரணமாக இருக்கலாம். அடுத்த படி இதைப் பிரித்துக் காட்டும்.

ராக்கெட்டுக்கு முன் ஸ்ட்ரிங்கை மாற்றிப் பாருங்கள்

புது ராக்கெட் வாங்க நினைப்பவர்களில் பலர் தாண்டிப்போகும் படி இது. இப்போது உங்கள் ராக்கெட்டில் இருக்கும் ஸ்ட்ரிங் எப்போது போட்டது? ஆறு மாதம் ஆகியிருந்தால் டென்ஷன் (ஸ்ட்ரிங்கின் இறுக்கம்) எவ்வளவோ தளர்ந்திருக்கும். தளர்ந்த ஸ்ட்ரிங் பந்தைக் கூடுதலாக எறியும். நீங்கள் குறைசொல்லிக்கொண்டிருப்பது ராக்கெட்டையே அல்ல, செத்துப்போன ஸ்ட்ரிங்கையாக இருக்கலாம்.

புதிதாகப் போட்டு, டென்ஷனை 2 பவுண்டு மட்டும் ஏற்றுங்கள். ஒரு வாரம் ஆடுங்கள். போதவில்லை என்றால் அடுத்த முறை இன்னொரு 2 பவுண்டு. ஃப்ரேமில் அச்சிட்டிருக்கும் வரம்புக்குள் இருங்கள். மல்டிஃபிலமென்ட் (மெல்லிய இழைகள் பல சேர்ந்த மிருதுவான) ஸ்ட்ரிங்கில் ஆடுபவரானால், நெடுக்கில் மட்டும் பாலியெஸ்டர் போட்டு, குறுக்கில் பழையதையே வைத்துக்கொள்ளலாம். பாலியெஸ்டர் பவரைக் குறைக்கும். பந்து படும்போது நெடுக்கு ஸ்ட்ரிங் வழுக்கி விலகிச் சட்டென்று திரும்புவதால் சுழற்சியும் கூடும். 1997-ல் குஸ்தாவோ குவெர்ட்டன் லக்ஸிலான் பாலியெஸ்டரோடு வந்து பிரெஞ்சு ஓபனை வென்ற பிறகுதான் உலகமே இந்த ஸ்ட்ரிங் பக்கம் திரும்பியது.

ஒரு எச்சரிக்கை. விறைப்பான ஃப்ரேம், முழு பாலியெஸ்டர், உயர்ந்த டென்ஷன் மூன்றும் ஒன்றுசேர்ந்தால் முழங்கைக்கு ஆகாது. காலையில் தண்ணீர்ச் செம்பைத் தூக்கும்போது முழங்கையின் வெளிப்பக்கம் சுருக்கென்று வலித்தால் அந்த வழியை விட்டுவிடுங்கள். வளைந்துகொடுக்கும் ஃப்ரேமுக்கு மாறுவதற்கு அதுவே போதுமான காரணம்.

டென்ஷனை ஏற்றியதும் பந்து உள்ளே விழுந்து, தயக்கமும் போய்விட்டதா? உங்கள் வேலை முடிந்தது, இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பந்து கட்டுக்குள் வந்தும் மட்டை பலகை போல இருக்கிறது, பந்தை உணரவே முடியவில்லை என்றால் மேலே போவோம்.

ஐந்து எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

விளம்பர வாசகங்களை விட்டுவிடுங்கள். எண்கள்தான் பேசும்.

தலையின் அளவு. 100-லிருந்து 98 என்றால் கேட்க வெறும் 2 சதுர அங்குலம்தான். ஆனால் கையில் தெரியும். ஸ்ட்ரிங்குகள் குட்டையாவதால் அதே டென்ஷனிலும் பரப்பு இறுகி நிற்கும். 95 என்பது இன்னொரு உலகம். நடுவில் படாத பந்தை அது மன்னிக்காது. ரோஜர் ஃபெடரரே 90-ஐ விட்டு 2014-ல் 97-க்கு வந்தார். சின்னத் தலைதான் நல்ல ஆட்டக்காரருக்கு அழகு என்ற நினைப்பு இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

ஃப்ரேமின் தடிமன். பியூர் டிரைவில் இது 23 முதல் 26 மில்லிமீட்டர் வரை போகும். வில்சன் பிளேட் 98 போன்றவற்றில் 21. இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது விறைப்பு, ஆர்.ஏ. என்ற எண்ணில் குறிப்பிடுவார்கள். 70-ஐ ஒட்டியோ தாண்டியோ இருந்தால் விறைப்பு, 60-களின் முற்பாதியில் இருந்தால் வளைந்துகொடுப்பது. ஏன் இது முக்கியம்? பந்து ஸ்ட்ரிங்கில் தங்கும் நேரம் ஏறக்குறைய 5 மில்லிநொடிதான். அடியின் வேகத்தில் ஃப்ரேம் பின்னால் வளைகிறது. அது முழுதாக நிமிர்ந்து வருவதற்குள் பந்து போய்விடுகிறது. வளைப்பதற்குச் செலவான ஆற்றல் பந்துக்குத் திரும்புவதே இல்லை. வளையாத ஃப்ரேமில் இந்த இழப்பு குறைவு. ‘சும்மா கிடைக்கும் பவர்’ என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இதுதான்.

ஸ்ட்ரிங் பேட்டர்ன். 16×19 (நெடுக்கில் 16, குறுக்கில் 19 ஸ்ட்ரிங்) என்றால் கட்டங்கள் பெரிது. பந்து உயரமாகக் கிளம்பும், சுழற்சி எளிது. 18×20 என்றால் கட்டங்கள் நெருக்கம். பந்து தாழ்வாக, நேராக, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் கிளம்பும். கன்ட்ரோல் என்று ஆட்டக்காரர்கள் உணர்வதில் பாதி இந்த ‘ஒரே கோணம்’தான் என்பது என் அனுபவம்.

ஸ்விங்வெயிட். பலரும் பார்க்காமல் விடும் எண், ஆனால் எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தராசில் வைத்துப் பார்க்கும் எடையும் வீசும்போது உணரும் எடையும் ஒன்றல்ல. ஸ்ட்ரிங் போட்ட நிலையில் 315 இருக்கும் ராக்கெட்டிலிருந்து 330-க்குத் தாவினால் முதல் செட்டில் பந்து குண்டு போலப் போகும். மூன்றாவது செட்டில் கை ஒரு நொடி பிந்தி வரும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் முறை மாறியபோது ஒரே தாவாக 95 அங்குலம், 18×20, கனமான ஃப்ரேம் என்று போனேன். பயிற்சியில் அப்படி ஒரு சுகத்தை அதற்குமுன் நான் உணர்ந்ததில்லை. பந்து ஸ்ட்ரிங்கில் ஒரு கணம் புதைந்து, சொன்ன இடத்துக்குப் போகும். மேட்சில் இரண்டாம் செட்டிலிருந்து பேக்ஹேண்ட் எல்லாம் தாமதமாகப் பட்டு, கிரிப் கைக்குள்ளேயே திரும்பியது. இரண்டு மாதத்தில் விற்றுவிட்டேன். எல்லா எண்களையும் ஒரே நேரத்தில் மாற்றியதுதான் தவறு.

அதனால் விதி இது: தலையளவு, விறைப்பு, பேட்டர்ன் மூன்றில் இரண்டை மட்டும் மாற்றுங்கள். ஸ்விங்வெயிட்டைப் பழைய ராக்கெட்டுக்கு 5 எண்ணுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கிரிப் அளவையும் 27 அங்குல நீளத்தையும் தொடவே வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு 98 அங்குலம், 16×19, 305 கிராம் என்ற இடம்தான் சரியான முதல் நிறுத்தம். வில்சன் பிளேட் 98, பாபோலா பியூர் ஸ்டிரைக் 98, யோனெக்ஸ் ஈஸோன் 98 எல்லாம் இந்த அளவுக்குள் வருபவை. ஆனால் ஈஸோன் பவர் பக்கம் சாய்ந்தது. பிளேட் அதிகம் வளைந்துகொடுப்பது.

இரவல் வாங்கி ஆடிப் பாருங்கள்

கடையிலோ நண்பரிடமோ வாங்கி ஆடிப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். முதல் இருபது நிமிடத்தை நம்பாதீர்கள். புது ராக்கெட் என்ற உற்சாகத்தில் கால் வேகமாக நகரும், எல்லாம் நன்றாகவே தோன்றும். இரண்டு நாள் இடைவெளியில் மூன்று முறையாவது ஆடுங்கள். அதில் ஒன்று பாயின்ட் எண்ணி ஆடும் ஆட்டமாக இருக்கட்டும்.

அடிக்க வசதியாக வரும் ஃபோர்ஹேண்டை வைத்து மதிப்பிடாதீர்கள்; அது எந்த ராக்கெட்டிலும் நன்றாகத்தான் இருக்கும். வேகமான சர்வை வாங்கும் ரிட்டர்ன், ஓடிப்போய் நீட்டி அடிக்கும் பேக்ஹேண்ட், களைத்தபின் போடும் இரண்டாம் சர்வ், இந்த மூன்றையும் கவனியுங்கள். இவை தாங்கினால் ராக்கெட் தாங்கும்.

இரவல் ராக்கெட்டில் இருக்கும் ஸ்ட்ரிங் யாரோ எப்போதோ போட்டது. முடிந்தால் உங்கள் வழக்கமான ஸ்ட்ரிங்கை அதில் போட்டு ஆடுங்கள். முடியாவிட்டால் அதில் என்ன ஸ்ட்ரிங், எத்தனை பவுண்டு என்றாவது கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

புது ராக்கெட்டின் முதல் ஸ்ட்ரிங்

பழைய ராக்கெட்டில் 54 பவுண்டில் ஆடினேன், இதிலும் 54 போடுங்கள் என்று சொல்லிவிடாதீர்கள். தலை சிறிதாகிவிட்டது, ஒருவேளை பேட்டர்னும் நெருக்கமாகிவிட்டது. அதே 54 இங்கே பலகை மாதிரி இருக்கும். 2 அல்லது 3 பவுண்டு குறைத்து, 51-52-ல் தொடங்குங்கள். ஃப்ரேமே பவரைக் குறைத்துவிட்டதால் ஸ்ட்ரிங் கொஞ்சம் தளர்ந்து உதவட்டும். பழைய ராக்கெட்டை அடக்குவதற்காக முழு பாலியெஸ்டருக்குப் போனவர்கள் இங்கே மீண்டும் கலப்பு ஸ்ட்ரிங்குக்குத் திரும்பலாம். முழங்கை நன்றி சொல்லும்.

வீச்சை மாற்றுவது

பவர் ராக்கெட் நமக்குள் சில பழக்கங்களை ஊன்றிவிட்டிருக்கும். வீச்சைக் குறுக்குவது, பந்தை வழிநடத்துவது, நெட்டை உரசுவது போலத் தாழ்வாக அடிப்பது. இவை எல்லாம் பந்து வெளியே போகாமல் இருக்க உடம்பு தானாகக் கண்டுபிடித்த தற்காப்புகள். இதே பழக்கங்களோடு கன்ட்ரோல் ராக்கெட்டில் ஆடினால் எல்லாப் பந்தும் சர்வீஸ் லைனில் விழும். எதிராளி உள்ளே வந்து அடித்துவிட்டுப் போவார். ‘இந்த ராக்கெட்டில் பவரே இல்லை’ என்று பலர் திரும்பிப்போவது இந்த இடத்தில்தான்.

முதலில் உயரம். நெட்டின் நடுவே உயரம் 3 அடி. அதன் மேல் இன்னொரு நெட்டை நிறுத்தி வைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பேஸ்லைன் ரேலியில் உங்கள் பந்து அந்த இரண்டாவது நெட்டையும் தாண்ட வேண்டும். பழைய ராக்கெட்டில் இந்த உயரத்துக்கு அடித்தால் பின்வேலிக்குப் போயிருக்கும். அந்த நினைவு கையில் இருக்கும். அதை அழிப்பதற்கு ஒரு வழி: சர்வீஸ் லைனுக்கும் பேஸ்லைனுக்கும் நடுவே 18 அடி இருக்கிறது. சரிபாதியில், 9 அடியில், குறுக்காகச் சில குறிகளை வையுங்கள். குறுக்குக் கோர்ட்டில் இருபது ஃபோர்ஹேண்ட் அடித்து எத்தனை அந்தக் குறிகளைத் தாண்டி உள்ளே விழுந்தன என்று எண்ணுங்கள். குறையும்போது வேகத்தைக் கூட்டாதீர்கள், உயரத்தைக் கூட்டுங்கள். ஆழம் முதலில் உயரத்திலிருந்துதான் வருகிறது. இதை உடம்பு புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆனது. புரிந்த அன்றைக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது.

அடுத்தது முடிப்பு. அடித்தபின் ராக்கெட் எதிர்த் தோளைத் தாண்டிப் போய் நிற்கிறதா என்று பாருங்கள். போனில் ஒரு நிமிடம் படம் எடுத்தாலே தெரிந்துவிடும். மார்புக்கு எதிரிலேயே நின்றுவிட்டால் இன்னும் பழைய பயம் போகவில்லை. பந்தை ராக்கெட்டில் வாங்கும் இடம் முன்காலுக்கு முன்னால் இருக்க வேண்டும். கன்ட்ரோல் ராக்கெட்டில் தாமதத்தை ஈடுகட்ட ஃப்ரேமிடம் கூடுதல் பவர் கிடையாது. அதனால் தோளைத் திருப்பும் நேரம் முன்னால் வர வேண்டும். எதிராளியின் பந்து நெட்டைத் தாண்டும்போது உங்கள் தோள் ஏற்கெனவே திரும்பியிருக்கட்டும்.

நீட்டி அடிக்கும் தற்காப்புப் பந்துகள்தான் மிகவும் ஏமாற்றும். முன்பு ஓடிப்போய் மணிக்கட்டால் ஒரு தட்டுத் தட்டினால் பேஸ்லைன் வரை போயிருக்கும். இப்போது அது நடுக்கோர்ட்டில் இறங்கும். இந்தச் சூழலில் நேராக அடிக்க முயலாமல் ஸ்லைஸ் (பந்தின் அடிப்பக்கத்தைச் சீவி அடிப்பது) அல்லது உயர்ந்த பந்து என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். நல்ல செய்தி, ஸ்லைஸ் இந்த ராக்கெட்டுகளில் மிக அழகாக வரும். மிதக்காது, தாழ்ந்தே இருக்கும்.

வாலியைப் (பந்து தரையில் படுமுன் அடிப்பது) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தள்ளுவதற்குப் பதில் ஒரு காலடி முன்னால் வைத்து வாங்குங்கள், போதும். ரிட்டர்னில் வெறுமனே தடுத்தால் பந்து குட்டையாக விழும். தடுத்தபின் ராக்கெட்டை இலக்கை நோக்கி ஒரு முழம் நீட்டி, நடுக்கோர்ட்டின் ஆழத்துக்குக் குறிவையுங்கள்.

முதல் சர்வில் வேகம் கொஞ்சம் குறையலாம். அதைத் துரத்தாதீர்கள், மூலைகளைக் குறிவைத்தால் வேகத்தை விட அதிகம் கிடைக்கும். இரண்டாம் சர்வில்தான் கவனம் தேவை. பேட்டர்ன் நெருக்கமானால் பந்து தாழ்வாகக் கிளம்பும். பழைய கையசைவில் போட்டால் நெட்டில் விழும். இன்னும் மேல்நோக்கி வீசுங்கள். ஒவ்வொரு பயிற்சியின் கடைசியிலும், கை களைத்திருக்கும்போது, இருபது இரண்டாம் சர்வ் போடுங்கள்.

ஆறு வாரம் கொடுங்கள்

முதல் வாரம் மேட்ச் வேண்டாம். பயிற்சி மட்டும், முக்கியமாக மேலே சொன்ன உயரப் பயிற்சி. இரண்டாம் வாரத்திலிருந்து நண்பரோடு செட் ஆடலாம். மூன்றாம் வாரத்தில் ஒரு சரிவு வரும். உற்சாகம் வடிந்திருக்கும், பழக்கம் இன்னும் படிந்திருக்காது, முன்பு எளிதாக ஜெயித்தவரிடம் தோற்பீர்கள். அந்த நேரத்தில் பையில் பழைய ராக்கெட் இருந்தால் கை அதைத்தான் எடுக்கும். அதனால் பழையதை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். இரண்டையும் மாற்றி மாற்றி ஆடினால் இரண்டுக்கும் கை பழகாது.

நான்காம் வாரத்தில் மீண்டும் அந்த நோட்டை எடுத்துப் பிழைகளை எண்ணுங்கள். நீளமாகப் போனவை குறைந்திருக்கும். பதிலுக்கு நெட்டில் விழுந்தவை ஏறியிருக்கின்றனவா என்பதுதான் பார்க்க வேண்டியது. ஏறியிருந்தால் டென்ஷனை 2 பவுண்டு இறக்குங்கள். ஆறாம் வாரத்திலும் பந்து குட்டையாகவே விழுந்து, கையும் களைத்தால் அந்த ராக்கெட் உங்களுக்கானதல்ல. 100 அங்குலத்திலேயே மெல்லிய, வளைந்துகொடுக்கும் ஃப்ரேம்கள் இருக்கின்றன. அவை உங்களுக்குப் பொருந்தலாம்.

லெட் டேப்

ராக்கெட்டின் கனத்தைக் கூட்ட ஃப்ரேமில் ஒட்டும் ஈயப் பட்டை இது. ஆறு வாரத்துக்குப் பிறகுதான் இதைத் தொட வேண்டும். வேகமான பந்துகளைத் தடுக்கும்போது ராக்கெட் கையில் முறுக்கினால், தலையை ஒரு கடிகார முகமாக எண்ணி, 3 மணி, 9 மணி இடங்களில் பக்கத்துக்கு ஒரு கிராம் ஒட்டுங்கள். முறுக்கல் குறையும்; ஸ்விங்வெயிட் மொத்தம் 4 எண் அளவுக்குத்தான் ஏறும். அடிக்குக் கனம் போதவில்லை என்றால் 12 மணியில் ஒரு கிராம். அங்கே ஒற்றைக் கிராமே 3 எண்ணுக்கு மேல் ஏற்றிவிடும். ஒட்டும் இடத்தை முதலில் துடைத்துக் காயவைத்து, நகத்தால் நடுவிலிருந்து விளிம்புக்கு அழுத்தித் தேய்த்தால் வியர்வைக்கும் உரியாது. ஒட்டியபின் கையைக் கழுவுங்கள், அது ஈயம்.

எல்லாம் பிடித்துப்போய் இரண்டாவது ராக்கெட் வாங்கும்போது ஒரு வேலை பாக்கி. ஒரே மாடலிலும் எடை சில கிராம் முன்பின்னாக வரும். இரண்டையும் சமையலறைத் தராசில் நிறுத்துங்கள். பிறகு ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து, அதன் மேல் ஒவ்வொன்றும் எந்த இடத்தில் சமநிலையில் நிற்கிறது என்று பார்த்து, கிரிப்பின் அடியிலிருந்து அளந்து குறியுங்கள். எடை குறைந்ததில் தேவையான இடத்தில் டேப் ஒட்டி ஒன்றாக்கிவிடுங்கள். மேட்ச் நடுவே ஸ்ட்ரிங் அறுந்து மற்றதை எடுக்கும்போது கைக்கு வித்தியாசம் தெரியாது.